மாமியின் குளிசைத் தகரம்

நேற்றுவரை சரியாக இருந்த செருப்பு இன்று காலை மசூரின் காலில் ஏறவில்லை. ஒரே இரவில் செருப்பு சுருங்குமா என்று குனிந்து பார்த்தான். செருப்பில் பிழையில்லை, கால்தான் பெருத்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்ப மறுத்தது.

வெறுங்காலுடன் சைக்கிள் மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்போதிக்கரி பெனடிக் அவனுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். அது முட்டை வெள்ளைபோலத் திரண்டது. அவர் முகமும் சுருங்கியது.

"என்ன மருந்து பாவிக்கிறீர்?"

"மருந்தொண்டும் இல்ல ஐயா. தலையிடிக் குளிசைதான்."

"எத்தனை?"

"மாமி தாறது மூண்டு. அது கேக்காட்டி கடையில வாங்கினதில அஞ்சாறு."

"கிழமைக்கா?"

"ஒரு நாளைக்கு."

பெனடிக் பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, சிறுநீர் பிரிக்கிற குண்டிக்காய் எண்டது ஒரு வடி. நீர் தின்ற குளிசையின்ட கழிவெல்லாம் அந்த வழியாலதான் வெளிய போகவேணும். போற போக்கில வடியையும் அரிச்சிப்போடும். பால் வடிக்கிற துணி கிழிஞ்சா வேற துணி எடுக்கலாம். இதுக்கு எங்க போவீர்? பெரிய டொக்டர்மாரே இப்பதான் இதைப்பற்றி எழுதத் துவங்கியிருக்கிறாங்க. இண்டையோட நிப்பாட்டும். நிப்பாட்டினா வீக்கம் வத்தும். இல்லாட்டி உம்மட பெண்சாதிக்கு நான் வேற கதை சொல்லவேண்டி வரும்."

கடைக் குளிசையை நிறுத்திவிடலாம். மாமியை நிறுத்துவது எப்படி?

மசூர் சம்மாந்துறைக்காரன். ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து வாழும் மாப்பிள்ளை. மாமி சபூறா உம்மா மருமகன் முன்னால் வரமாட்டாள், அவனோடு நேரே கதைக்கவும் மாட்டாள். திரைக்குப் பின்னால் நின்று மகள் ஸம்ஸியாவிடம் சொல்வதுபோல் சொல்வாள். மசூரும் ஸம்ஸியாவிடம் சொல்வதுபோல் மறுமொழி சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், ஸம்ஸியா மூன்றாம் தரமும் சோறு போட வந்தபோது, தப்புவதற்கு வேறு வழி தெரியாமல் "தலையிடிக்குது" என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து மூன்று வேளையும் வெற்றிலைத் தட்டில் ஒரு குளிசை வந்தது. பொய்த் தலையிடி நாளடைவில் மெய்யாகிவிட்டது.

மாமியிடம் ஒரு பிஸ்கட் தகரம் நிறையக் குளிசை இருந்தது. மாமனார் அச்சிமுகம்மதுதான் மாதாமாதம் கொண்டுவந்து நிரப்புவார். மற்றப்படி அவர் வாயே திறக்காத மனிதர். கொல்லையில் சுளகில் எதையாவது காயவைத்துக் காகம் துரத்துவதே அவருக்கு உத்தியோகம். தகரத்திலிருந்து மாமி தெருவுக்கே அள்ளிக் கொடுப்பாள். "உங்கட குளிசை வாயில கரையுமே தவிர ஒரு நோவுக்கும் கேக்காது" என்று பக்கத்து வீட்டு றபீக்கா சொல்வதுண்டு. மசூரும் அதனால்தான் கடைக்குப் போனான்.

அன்று மத்தியானம் தட்டில் வந்த குளிசையைக் கொடுப்புக்குள் அடக்கி, பிறகு துப்பிச் சட்டைப் பைக்குள் போட்டான். மூன்றாம் நாள் ஸம்ஸியா அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள்.

"இஞ்ச, இதென்ன பைக்குள்ள குளிசை? உம்மா கண்டா மனசு உடைஞ்சி போயிருவா."

"நீ பேசாம இரி புள்ள. நான் பார்த்துக்கிறன்."

மரத்தை ஒளிக்கக் காடுதான் நல்ல இடம். மாமி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, துப்பியவற்றைத் தகரத்துக்குள் போட்டான். தலைமாட்டில் இருந்த கடைப் போத்தலும் கண்ணை உறுத்தியது. முந்தின கிழமை வாங்கிய இருநூறில் முக்கால்வாசி இருந்தது. அதையும் கவிழ்த்துக் கொட்டிக் கலக்கிவிட்டான். எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு குளிசையும் அதே வழியில் தகரத்துக்குத் திரும்பியது. மசூரின் கால் மெல்ல வற்றியது. ஆனால் தகரம் வற்றவில்லை.

"மகள், அள்ள அள்ளக் குறையுதில்ல. அல்லாஹ்ட பறக்கத் இறங்கியிரிக்கி" என்றாள் மாமி, திரைக்குப் பின்னாலிருந்து.

வெள்ளிக்கிழமை றபீக்கா ஓடி வந்தாள். "உங்கட குளிசை இப்பதான் கேக்குது. கால் மணித்தியாலத்தில தலையிடி பறந்து போச்சி."

அவ்வளவுதான். மறுநாள் முதல் வாசலில் ஆட்கள் நின்றார்கள். தலையிடிக்காரர், முதுகு நோவுக்காரர், ஒன்றுமில்லாதவர், எல்லோருக்கும் பறக்கத்துக் குளிசை. ஒவ்வொருவர் விழுங்கும்போதும் மசூருக்கு ஒரு வடி கிழியும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி இரண்டு வாங்கிப் போனதைக் கண்ட அன்று அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஸம்ஸியா, குளிசை குண்டிக்காயைத் தின்னுமாம். அப்போதிக்கரி சொன்னார். நிப்பாட்டச் சொல்லு."

திரை அசைந்தது. "மகள், மருமகனுக்கு என்ட கையால தாறது புடிக்கல்லயாம். நான் இருந்தென்ன, போயென்ன."

அன்று மாமி சாப்பிடவில்லை. அடுத்த நாள் சமாதானமாகி, மருமகனுக்கு வேளைக்கு இரண்டு அனுப்பினாள்.

"உம்மாவும் இப்ப நாளைக்கு நாலு போடுறா. அவக்கும் நல்லாக் கேக்குதாம்" என்றாள் ஸம்ஸியா.

நல்ல மனிதர்களோடு வாழ்வதுபோல் எரிச்சலான காரியம் உலகத்தில் வேறில்லை. பொல்லாத மாமியாக இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அஸர் தொழுகைக்கு மாமி உள்ளே போன நேரம், மசூர் தகரத்தைச் சாரத்துக்குள் மறைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய், கடைசிக் குளிசைவரை அலையில் கொட்டினான். கடலுக்குக் குண்டிக்காய் இல்லை என்ற தைரியம். வெறுந்தகரத்தைக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தான். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

காலையில் தட்டில் வெற்றிலை வந்தது. பக்கத்தில் இரண்டு குளிசை.

மசூர் ஓடிப்போய்த் தகரத்தைத் திறந்தான். கழுத்துவரை குளிசை.

தலை விண்ணென்று இடித்தது. தகரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். அச்சிமுகம்மது சுளகுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"மாமா, நேத்து இதை நான்தான் கொட்டின. இண்டைக்கு எப்படி நிறைஞ்ச? எனக்குப் பயமாயிரிக்கி."

மாமனார் சுளகை அவன் பக்கம் தள்ளினார். அதில் அரிசிமாப் பலகாரம்போல் ஒரு தட்டை கிடந்தது. பேனா மூடியால் அதில் ஒரு வட்டம் வெட்டி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை, வட்டம்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி மாமிட காலும் உங்கட கால் மாதிரித்தான் வீங்கின. சொன்னாக் கேக்கிற மனிசியா? அண்டையிலிருந்து சந்தைக் குளிசை எண்டு நான் கொண்டு குடுக்கிறது இந்த மாவைத்தான். ராவு வெறுந்தகரத்தைக் கண்டு நிரப்பினதும் நான்தான்."

மசூர் சுளகையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப மாமி எனக்குத் தந்ததெல்லாம்?"

"அரிசிமா. கையளவு சீனி."

காகம் ஒன்று கிட்ட வந்தது. மாமனார் அதை விரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அது கிடக்கட்டும் மகன். மூணு கிழமையா மாமிட கால் திரும்பவும் வீங்குது. என்ட மாவுக்குள்ள மெய்யான குளிசையக் கொண்டுவந்து கலந்தது ஆரு?"