கரடிக்கு எந்தத் துவக்கு?

ஆஸ்திரேலியாக் கண்டம் முழுவதிலும் கரடிக்குப் பயந்த மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் நான் நடந்துகொண்டிருந்தேன். மெல்பேர்ன் நகரத்தின் நடுவில் துப்பாக்கிகள் தொங்கும் ஒரு துவக்குக் கடையிலிருந்து வெளியேறி, ட்ராம் தண்டவாளத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது மூன்றாவது கடை. கடைக்காரன் சிரித்த சிரிப்பு இரண்டு சந்தி வரைக்கும் எங்களோடு கூடவே வந்தது.

"கரடிக்கு எந்தத் துவக்கு நல்லது?" என்று இவர் கேட்டிருந்தார்.

"இந்த நாட்டில் கரடி கிடையாது ஐயா. கோலா இருக்கிறது. அது மரத்தில் தூங்கும்" என்றான் கடைக்காரன்.

"பட்டணத்தான்" என்றார் இவர், நடந்தபடியே. "கடைக்குள்ளை நிக்கிறவனுக்குக் காடு தெரியுமோ தம்பி?"

"அவன் பிறந்து வளந்த நாடெல்லோ அண்ணை?"

"வவுனியாவிலை பிறந்து, கரடியைக் காணாமலே செத்தவன் எத்தினை பேர் இருக்கிறான்? அதுக்காகக் கரடி இல்லையெண்டு ஆகுமோ?"

இதற்கு ஏதாவது மறுமொழி இருந்திருக்கும். எனக்குப் பசியாக இருந்ததால் தேடவில்லை. சந்தியில் அவர் நின்று, சிகரெட் சாம்பலைத் தட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். காற்று எங்கள் முகத்துக்கு எதிராக அடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தெருவைக் கடந்தார். ட்ராமில் ஏறினாலும், பாண் வாங்கப் போனாலும் இதே முறைதான். எங்கள் வாசனை முன்னால் போகக்கூடாதாம். குளிர்கால மூட்டத்தில் கட்டடங்களெல்லாம் பாதிக்குமேல் கரைந்து நிற்கும்போது அவர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டு நடப்பார். அவருக்கு அது தெருவாகத் தெரிகிறதா, பாலை மரங்களாகத் தெரிகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரியும். எழுபதுகளின் நடுப்பகுதியில் ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பலகை வீட்டில் அறை அறையாக வாடகைக்கு இருந்த எங்களுக்கு அவர் துவக்கர்தான். கையில் துவக்கு இல்லாத காலத்திலேயே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொழும்பில் கப்பலேறி, சட்டி கழுவிக் கழுவி ஐந்தாறு துறைமுகம் பார்த்து, மெல்பேர்னில் இறங்கியவன். அந்த வருடம் நான் நாலு வேலையை விட்டிருந்தேன். ஒரு வேலை என்னை விட்டிருந்தது. துவக்கர் கோதுமை மா ஆலையில் மூட்டை தூக்கினார். பின்னேரம் தலை முதல் கால் வரை வெள்ளையாக வருவார். வந்து படியில் உட்கார்ந்து இருமினால் சின்ன மேகம் ஒன்று எழும்பும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, ஆலையை விட்டு நல்ல காற்றுக்குப் போகாவிட்டால் அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நல்ல காற்றும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரி போலந்து நாட்டு மலைக்காரி. அவருடைய தம்பி கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டில் மரம் வெட்டும் முகாம் ஒன்றை நடத்தினார். அங்கே ஆள் தேவை. "இரண்டு பேராக வாருங்கள். தனி ஆளைக் காட்டுக்குள் விடமாட்டேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் அன்றைக்கே போயிருப்பேன். துவக்கரோ சரியான துவக்கு இல்லாமல் காட்டில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.

"ஏனண்ணை?" என்று கேட்டதற்கு, அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"நானும் மச்சானும் வன்னிக் காட்டுக்குள்ளை வேட்டைக்குப் போனனாங்கள். என்னட்டை ஒரு இடியன் துவக்கு. காட்டுக்கோழிக்கெண்டு சின்னச் சன்னம் போட்டு இடிச்சு வைச்சிருந்தனான். ஐஞ்சு யார் தூரத்திலை கரடி எழும்பிச்சுது. நான் துவக்கைப் போட்டிட்டு ஓடினனான். மச்சான் கத்தியோடை நிண்டவன்."

"பிறகு?"

"தப்பிட்டான். ஒரு கண் போச்சுது. மற்றக் கண்ணாலை என்னைப் பாத்து, நீ ஏன் ஓடினனி எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நான் ஊரிலையே இருந்திருப்பன்."

ஓடிய காலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பது அவருடைய முடிவு. கையில் சரியான துவக்கு இருந்திருந்தால் கால் ஓடியிருக்காது. ஆகவே எந்தத் துவக்கு என்பதில் அவர் ஒரு சர்வகலாசாலையே நடத்தினார். ரைஃபிளுக்கு ஒற்றைக் குண்டு. பலம் உண்டு, ஆனால் பற்றைக்குள்ளிருந்து பாய்கிற கரடி குறிபார்க்க நேரம் தராது. இரட்டைக் குழலில் பெரிய சன்னம் போட்டால் பரவிப் போகும். ஆனால் கரடியின் சடைமயிர் பாதியைத் தின்றுவிடும். ஆகவே இரட்டைக் குழலில் ஒன்றுக்குத் தனிக்குண்டு, மற்றதுக்குச் சன்னம். அது சரி, எந்தக் குழல் முதல்? இந்தக் கேள்வியில் ஜூன் மாதம் முழுவதும் போனது.

ஒத்திகையும் நடந்தது. நான் கரடி. அவருடைய கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து பாயவேண்டும். அவர் துவக்குக்குப் பதிலாக வீடு கூட்டும் தும்புத்தடியோடு நிற்பார்.

"மெதுவா வாறாய் தம்பி. உன்னை நம்பித் துவக்கு வாங்கினால் நான் துலைஞ்சன்."

"காலமை சாப்பிடாத கரடி அண்ணை இது."

மூன்றாம் முறை நான் பாய்ந்தபோது வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டார். கம்பளியையும் தும்புத்தடியையும் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார். இனி அறையைக் காலி செய்யச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ தலையை ஆட்டி, "கரடி இப்படி வராது" என்றார். அறுபது வயது அம்மா, ஏப்ரனை இடுப்பில் செருகி, குசினித் தரையில் நாலு காலில் இறங்கி, தலையைத் தாழ்த்தி, தோளை ஆட்டி ஆட்டி ஒரு உறுமல் விட்டபடி வந்தார். துவக்கர் தும்புத்தடியை எறிந்துவிட்டுக் கதிரையில் ஏறி நின்றார்.

"எங்கள் மலையில் நிறையக் கரடி" என்றார் வீட்டுக்காரி, முழங்காலைத் தட்டிக்கொண்டு. "என் அப்பா துவக்கே கொண்டுபோகமாட்டார். ஒரு சட்டியைத் தட்டிக்கொண்டு நடப்பார்."

கதிரையிலிருந்து இறங்காமலே துவக்கர் என்னிடம் சொன்னார்: "சட்டியோ! வேட்டைக்குப் போறவன் சட்டி தட்டினால் மான் மரை நிண்டு கேக்குமோ?"

நாலாவது கடையில் ஒரு கிழவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. முழுக் கதையையும் கேட்டார். உள்ளே போய், பிடி தேய்ந்த பழைய இரட்டைக் குழல் ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இது கரடிக்குப் போதுமா?" என்று துவக்கர் கேட்டார்.

"இந்தத் துவக்கை வைத்திருந்த எவரையும் இந்த நாட்டில் இதுவரை கரடி தொட்டதில்லை" என்றார் கிழவர்.

துவக்கர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியோ? இவன் காடு தெரிஞ்சவன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியின் தம்பி தன்னுடைய லொறியில் எங்களையும் அந்தத் துவக்கையும் மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். போய் இடத்தைப் பார்ப்பது, பிடித்தால் திங்கட்கிழமையே வேலை, பிடிக்காவிட்டால் அதே லொறியில் திரும்புவது என்று பேச்சு. ஏற ஏற மூட்டம் தடித்தது. மரங்களின் அடி மட்டும் தெரிந்தது. மிச்சம் வானத்தில் எங்கோ. என் உயரத்துக்கு மேல் விசிறிபோல் இலை விரித்த பன்னச் செடிகள். எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. லொறி நின்றதும் சத்தமெல்லாம் அடங்கி, நான் இன்னும் நித்திரையில்தான் இருக்கிறேனோ என்று தோன்றியது. துவக்கர் ஒரு யூக்கலிப்டஸ் கொப்பை முறித்து, மரத்தடியில் செருகி, "ஐயனாரே" என்று கும்பிட்டார். காட்டுக்குள் போகும்போது வன்னியில் செய்கிற வழக்கம் அது. காடு எந்த நாட்டில் இருந்தாலும் காவல் அவர்தானாம். "உள்ளை போனால் கரடியெண்டு பேர் சொல்லக்கூடாது. ஆள் எண்டுதான் சொல்லவேணும்" என்று எனக்கும் கட்டளை.

பாதையில் ஈரமண்ணில் ஒரு குளம்புத்தடம் கிடந்தது. துவக்கர் குந்தியிருந்து தொட்டுப் பார்த்தார். அவருடைய முகம் மா ஆலையிலிருந்து வருகிற நிறத்துக்கு வந்தது.

"தம்பி, இது மரை."

நான் அதை மொழிபெயர்த்தபோது, வீட்டுக்காரியின் தம்பியான போலந்துக்காரர் "ஓமோம்" என்று ஒத்துக்கொண்டார். "பெரிய மான். நூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர் வேட்டையாடுவதற்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டது. உங்கள் தீவிலிருந்தும் வந்ததாகச் சொல்வார்கள்." சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவதற்காக முகாமுக்கு முன்னால் நடந்துவிட்டார்.

"மரையைக் கப்பலிலை ஏத்தினவன்" என்றார் துவக்கர், மிகவும் மெதுவாக, "ஆளை மட்டும் விட்டிட்டு வந்திருப்பானோ?"

நான் மறுமொழி சொல்ல வாயெடுத்தேன். அப்போது பன்னச் செடி அசைந்தது.

வெளியே வந்தது கறுப்பு. உருண்டை உடம்பு, குட்டைக் கால், தாழ்ந்த தலை. நல்ல பாரம். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. மூட்டத்தில் அது வளர்ந்துகொண்டே வருவதுபோல் இருந்தது. ஐந்து யார் தூரம்கூட இராது. அதுவரை கரடியையே நம்பாத எனக்கு, அந்தக் கணத்தில் கரடியைத் தவிர வேறொன்றிலும் நம்பிக்கை இல்லாமல் போயிற்று. என் கால் திரும்பிவிட்டது என்பதை இன்றைக்கு எழுதுவதில் வெட்கமில்லை.

ஒரு கை என் மார்பில் பட்டு என்னைப் பின்னால் தள்ளியது. துவக்கர் எனக்கு முன்னால் வந்து நின்றார். துவக்கு தோளில் ஏறியது. குழல் முனை ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்கு அலைந்தது. ஆனால் பாதம் இரண்டும் மண்ணில் நட்டதுபோல் நின்றன.

அது எங்களைப் பார்த்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த இருமலைக் கேட்டு அது விசனப்பட்டதுபோல் திரும்பி, பலகைபோல் அகன்ற பின்பக்கத்தை ஒரு மரக்கட்டையில் ஆறுதலாக உரஞ்சிவிட்டு, செடிக்குள் போய்விட்டது.

இருமல் சத்தம் கேட்டு வந்த போலந்துக்காரர் பின்பக்கத்தை மட்டும் கண்டார். "வொம்பட். புல்லுத் தின்னும்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

துவக்கர் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார்.

"எந்தக் குழல் முதலண்ணை?" என்று கேட்டேன்.

"ஞாபகமே வரேல்லைத் தம்பி. விசையிலை விரல் வைக்கவும் மறந்துபோனன்."

தேத்தண்ணியை ஊதி ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நான் ஓடினனானோ?"

"இல்லையண்ணை."

"வடிவாப் பாத்தனியோ?"

"உங்கட முதுகைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அது அசையேல்லை."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். லொறிக்குப் போய் எங்கள் இரண்டு பேருடைய பெட்டிகளையும் இறக்கினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெட்டிச் சரித்த மரங்களில் பட்டை உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மரத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். நான் எந்தப் பக்கம் நிற்பதென்று கேட்க முதலே, காட்டுப் பக்கமாகப் போய்த் துவக்கர் நின்றுகொண்டார்.