வரலாற்றிலை ஏறின ஈசன் அண்ணை

சனிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருந்தது. ஏழு போர்டைக் கொண்டுபோய் மிசிசாகாவிலை ஒரு குருத்வாராவிலை குடுத்திட்டு வாறது.

குடுக்கிறது, வாறது. அவ்வளவுதான்.

போர்ட் என்ரை இல்லை. என்ரை மனுசியின்ரை தம்பி சுதன் ஸ்காபரோவிலை வோபர்ன் பக்கம் ஒரு பிரிண்டிங் கடை துவங்கியிருக்கிறான். இவ்வளவு நாளும் வந்த ஓடர் எல்லாம் எங்கடை ஆக்களின்ரை பேர்த்டே, கலியாணம், கண்ணீர் அஞ்சலி. இப்பதான் முதல்முதலா வெளியாக்களிட்டை இருந்து ஒரு பெரிய ஓடர். சீக்கியர்கள் கனடாவுக்கு வந்து வளர்ந்த கதையை அந்தக் குருத்வாராக்காரர் ஏழு போர்டிலை கண்காட்சியா வைக்கினம். இது சரிவந்தால் அவையின்ரை ட்ரக் கொம்பனி, மண்டபம், பாங்கிரா டான்ஸ் வகுப்பு எல்லாம் சுதனிட்டைத் தான் வரும். சரிவராட்டி கடையைப் பூட்டிப்போட்டுப் பழையபடி வெயார்ஹவுசிலை பெட்டி தூக்க வேண்டியதுதான். உதை அவனே எனக்குச் சொன்னவன்.

அவ்வளவு முக்கியமான சாமானை ஏன் என்னிட்டைத் தந்தவன் எண்டு நீங்கள் கேக்கலாம். என்னட்டை வான் இருக்கு. வேறை தகுதி ஒண்டும் இல்லை.

மனுசி வாசலிலை நிண்டு ஒரு புத்திமதி சொன்னவ. "குடுத்திட்டு உடனை வாங்கோ. அங்கை நிண்டு கதைக்காதேங்கோ."

சுதன் போர்டுகளை மண்ணிறக் கடதாசியிலை சுத்தி வானுக்குள்ளை அடுக்கினான். ஏழு இல்லை, எட்டு. எட்டாவது எங்கடை ஈசன் அண்ணையின்ரை. ரியல் எஸ்டேற் ஈசன் அண்ணையைத் தெரியாத தமிழ் ஆள் ஸ்காபரோவிலை இல்லை. பஸ் தரிப்பிலை, பலசரக்குக் கடைக் கலண்டரிலை, கோயில் திருவிழா நோட்டீசிலை எல்லாம் கோட் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். வோபர்னிலை புது ஒஃபிஸ் திறக்கிறார். வரேக்கை அந்த போர்டை அங்கை இறக்கிவிடச் சொன்னான். கடதாசி எல்லாத்துக்கும் ஒரே கடதாசி. இதை வடிவா ஞாபகம் வைச்சிருங்கோ. நான் வைச்சிருக்கேல்லை.

401 ஹைவேயிலை வழக்கமான சனிக்கிழமை நெரிசல். கண்காட்சி திறக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் இருக்கத்தான் போய்ச் சேர்ந்தன்.

வாசலிலை ஜஸ்பீர் எண்டு ஒருத்தர் நிண்டார். ட்ரக் ஓடுறவராம், சனி ஞாயிறிலை இங்கை தொண்டு. ரெண்டு கதவைச் சேர்த்து வைச்ச மாதிரி அகலம். வான் திறப்பை வாங்கிக்கொண்டு, தாங்கள் இறக்கிறம், நீங்கள் உள்ளை வாங்கோ எண்டார். நான் போர்டைக் குடுத்திட்டுப் போறன் எண்டன். சாப்பிடாமல் ஆரும் இங்கை இருந்து போறதில்லை எண்டார். இங்கிலிசிலை தான் கதைச்சவர், நான் எங்கடை தமிழிலை சொல்லுறன்.

சப்பாத்தைக் கழற்றி வைக்கச் சொன்னார். கழற்றினன்.

இதிலை தான் முதல் பிழை. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போற ஆள். எங்கடை கோயிலிலை ஆம்பிளையள் சப்பாத்தைக் கழற்றினால் அடுத்தது சேர்ட். அது மூளையிலை இல்லை, கையிலை இருக்கு. சப்பாத்துத் தட்டுக்கு முன்னாலை நிண்டு, சுவரிலை இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு, என்ரை பாட்டுக்கு எல்லாப் பட்டனையும் கழற்றிப்போட்டன்.

சேர்டை மடிச்சுக் கையிலை வைச்சுக்கொண்டு திரும்பினால், ஒரு குடும்பமே என்னைப் பார்த்துக்கொண்டு நிக்குது. தாய் பிள்ளையின்ரை முகத்தை மெல்லமா மற்றப் பக்கம் திருப்பினவ.

ஜஸ்பீர் ஒரு கூடையிலை இருந்து செம்மஞ்சள் துணி ஒண்டை எடுத்து என்னட்டை நீட்டினார்.

நான் அதை வாங்கி இடுப்பிலை கட்டினன்.

சிரிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தான் கோயில் வாசலிலை ஒரு துண்டைக் குடுத்தால் வேறை எங்கை கட்டுவான்? சால்வையை இடுப்பிலை கட்டிறது தானே எங்களுக்கு மரியாதை. என்ன, அந்தத் துணி சின்னன். என்ரை இடுப்போ சின்னன் இல்லை. ரெண்டு நுனியும் சந்திக்கேல்லை. நான் மூச்சை உள்ளை இழுத்துப் பார்த்தன். பேந்து மரியாதையா, இதைவிடப் பெரிசு இருக்கோ எண்டு ஜஸ்பீரைக் கேட்டன்.

அவர் அந்தத் துணியைத் திருப்பி வாங்கி, என்ரை தலையிலை சுத்தி, பின்னாலை ஒரு முடிச்சுப் போட்டார். அங்கை தலையை மூடித்தான் உள்ளை போக வேணுமாம். பிறகு சேர்டைக் காட்டி, "உங்களுக்குக் குளிரும், போடுங்கோ" எண்டார். அந்த மனுசன் அதை எவ்வளவு பண்பாச் சொன்னவர் எண்டு இப்பவும் நினைக்கிறன். எங்கடை கோயிலிலை ஒரு சீக்கியர் சேர்டோடை வந்திருந்தால் நாங்கள் உப்பிடிச் சொல்லியிருக்க மாட்டம்.

பட்டன் பூட்டேக்கை ஒண்டு மேலை ஒண்டு கீழை போட்டது சாப்பிட இருந்தாப்பிறகு தான் தெரிஞ்சது.

சாப்பாட்டு ஹோலிலை எல்லாரும் நிலத்திலை வரிசையா இருக்கினம். டொக்டரும் இருக்கிறார், ட்ரக் ட்ரைவரும் இருக்கிறார், நானும் இருந்தன். பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, பாற்சோறு மாதிரி ஒண்டு. ரொட்டி கொண்டு வாறவைக்கு ரெண்டு கையையும் சேர்த்து ஏந்த வேணும், கையிலை தான் வைப்பினம். அது அவையின்ரை முறை.

எனக்கு ரெண்டு ரொட்டி காணும். மூண்டாந்தரம் வந்தவருக்கு, வேண்டாம் எண்டு காட்ட, எங்கடை வழக்கப்படி ரெண்டு கையையும் தட்டுக்கு மேலை நீட்டினன்.

கையிலை ரொட்டி வந்திட்டுது.

அடுத்தவர் வந்தார். இவருக்கு வடிவா விளங்கட்டும் எண்டு கையை இன்னும் கொஞ்சம் அகல விரிச்சு, காணும் எண்டு காட்டினன். அவர் சந்தோசமா ரெண்டு வைச்சார். அதுக்குப் பிறகு நான் கும்பிட்டுக் காட்டினன். கும்பிட்ட கையை விரிக்கிறதுக்குள்ளை இன்னொண்டு. பக்கத்திலை இருந்த மனுசன் தன்ரை ஊர் மொழியிலை ஏதோ சொல்லிக் கரண்டிக்காரரைக் கூப்பிட்டார். நல்ல பசியிலை வந்திருக்கிறார் எண்டு சொல்லியிருப்பார் போலை. பருப்பும் வந்தது.

எறியக் கூடாது எண்டு சுவரிலை எழுதிக் கிடந்தது. எறியவும் மனம் வராது, ஓசியிலை அன்போடை போட்ட சாப்பாடு. நான் தலையைக் குனிஞ்சு சாப்பிட்டன்.

அரைவாசியிலை அடுத்த ஹோலிலை சத்தம் கேட்டது. எல்லாரும் எழும்பிப் போச்சினம். கண்காட்சியைத் திறக்கப் போகினமாம். நான் மட்டும் ரொட்டியோடை இருந்தன்.

முடிச்சுப்போட்டு, தட்டைக் கழுவக் குடுத்திட்டுப் போனால், ரிப்பன் வெட்டியாச்சு. வெட்டினவர் ஒரு வயசான மனுசன், எல்லாரும் பாபாஜி எண்டு கூப்பிடினம். அந்தக் குருத்வாராவைத் துவங்கின ஆக்களிலை இப்ப உயிரோடை இருக்கிறவர் அவர் ஒருத்தராம். ஒரு பக்கம் ஊன்றுகோல், மற்றப் பக்கம் பரம்ஜித் எண்ட அன்ரியின்ரை கை. அந்த அன்ரி தான் சுதனுக்கு ஓடர் குடுத்தவ.

பாபாஜி ஒவ்வொரு போர்டா நிண்டு பார்த்தார். முதலாவதிலை மேற்குக் கரையிலை மரம் அரியிற ஆலை, தலைப்பாகையோடை வேலையாக்கள். அடுத்ததிலை ரொறொன்ரோவிலை ஒரு சின்ன வீடு, முன் அறையிலை வழிபாடு, பின் அறையிலை படுக்கை. பிறகு ஃபாக்டரி வாசல். பிறகு டாக்சி. பிறகு ஒரு வெயார்ஹவுசை வாங்கி அதுக்குள்ளை கும்பிட்ட காலம். பிறகு ட்ரக் வரிசை. ஏழாவதிலை இப்ப நாங்கள் நிக்கிற கட்டடம், பொன் நிறக் கும்பத்தோடை.

நெருக்கமான சின்ன வீடு, ஃபாக்டரி, வெயார்ஹவுசுக்குள்ளை கோயில். இது எங்கடை கதை தானே. அவை எங்களுக்கு முந்தியே வந்து அதே குளிரிலை அதே பஸ்சுக்கு நிண்டிருக்கினம். உது தெரியாமலே நான் இவ்வளவு காலம் இந்த ஊரிலை இருந்திட்டன் எண்டு வெக்கமாயும் இருந்தது.

அந்த உணர்ச்சியோடை ஏழாவதுக்கு அங்காலை பார்த்தன்.

எட்டாவது போர்ட். கோட் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஈசன் அண்ணை. மேலை தமிழிலை "வீடு வேணுமா? ஈசன் இருக்கிறேன்!" கீழை போன் நம்பர்.

மரம் அரிஞ்ச ஆக்களிலை துவங்கின சீக்கியர் வரலாறு ஈசன் அண்ணையிலை வந்து முடிஞ்சு நிண்டது.

ஜஸ்பீர் பக்கத்திலை வந்து பெருமையாச் சொன்னார். "வானிலை ஒண்டும் மிச்சம் விடேல்லை. கூட்டியும் விட்டனாங்கள்."

எனக்குச் சுதன்ரை முகம் தான் கண்ணுக்கு முன்னாலை வந்தது. பெட்டி தூக்கிற முகம். நான் ஓடிப்போய் எட்டாவதுக்கு முன்னாலை நிண்டன். நான் அகலம் தான், ஆனா ஈசன் அண்ணை ஆறடி. என்ரை தலைக்கு மேலை அவரின்ரை சிரிப்பு. செம்மஞ்சள் துணியோடை என்ரை தலை, அதுக்கு மேலை அவரின்ரை பல்லு. ஆரோ ஃபோட்டோ எடுத்தினம்.

பாபாஜி என்னட்டை வந்து நிண்டார். என்னைப் பார்த்தார், மேலை பார்த்தார்.

"இவர் ஆர்?"

பரம்ஜித் அன்ரியும் என்னைப் பார்த்தா. அவவுக்கு விளங்கத் துவங்கியிட்டுது எண்டு முகத்திலை தெரிஞ்சது. மனுசி கதைக்க வேண்டாம் எண்டு சொன்னவ, ஆனா இந்த இடத்திலை கதைக்காமல் என்ன செய்யிறது?

"இவர் எங்கடை ஆள்" எண்டன். "உங்களுக்குப் பின்னாலை வந்தவை நாங்கள். இவர் வீடு விக்கிறவர்."

பாபாஜி அந்த ரெண்டாவது போர்டைக் கையாலை காட்டினார். அந்த வீடு கிடைக்கிறதுக்கு முன்னாலை எத்தினை கதவு தட்டினவை எண்டு சொன்னார். போனிலை அறை இருக்கு எண்டுவினமாம். நேரை போனால் தலைப்பாகையைப் பார்த்திட்டு, இப்பதான் குடுத்திட்டம் எண்டுவினமாம்.

"அப்ப எங்களுக்கு உப்பிடி ஒருத்தர் இருக்கேல்லை" எண்டார். "இது இருக்கட்டும். கழற்ற வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ரொட்டியும் ஒரு காரணமா இருக்கலாம்.

நான் திறப்பைத் திருப்பி வாங்கி வானை எடுத்துக்கொண்டு வந்திட்டன். வழியிலை ஈசன் அண்ணை போன் எடுத்தார். ஒஃபிசுக்கு ஆக்கள் வந்திட்டினம், போர்ட் எங்கை எண்டு. அது மிசிசாகாவிலை, குருத்வாராவிலை, வரலாற்றிலை நிக்குது எண்டன். அவர் சொன்னதை இங்கை எழுத ஏலாது.

பின்னேரம் பரம்ஜித் அன்ரி சுதனுக்குப் போன் எடுத்தா. நான் கடையிலை தான் நிண்டன், சுதன் முகம் வெளிறிப்போய் ஸ்பீக்கரிலை போட்டான். அவ கோபப்படேல்லை. போர்ட் இருக்கிறதிலை பிரச்சினை இல்லையாம். ஆனா குருத்வாராவிலை விளம்பரம் கூடாது, அதாலை போன் நம்பரையும் மேலை இருக்கிற எழுத்தையும் கடதாசி ஒட்டி மறைச்சுப்போட்டினம். அந்த இடத்திலை, மற்ற போர்டுகள் மாதிரி, இவர் எப்ப வந்தவர், முதலிலை என்ன வேலை செய்தவர் எண்டு ரெண்டு வரி அடிச்சுத் தரட்டாம். அதோடை ட்ரக் கொம்பனி ஓடரும் அடுத்த கிழமை வருமாம். சுதன் கதிரையிலை இருந்திட்டான்.

ரெண்டு வரி கேக்க நான் ஈசன் அண்ணைக்கு எடுத்தன். வீட்டைப் பற்றிக் கதைக்கத் துவங்கினால் மூச்சு விடாத மனுசன், இதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"கோப்பை கழுவினனான் தம்பி" எண்டார். "ஒரு ரெஸ்ரோரண்டிலை. ஒரு பேஸ்மென்றிலை ஒன்பது பேர் படுத்தனாங்கள். ஒருத்தரும் எங்களுக்கு அறை தரேல்லை. கடைசியாத் தந்தவர் ஒரு சர்தார்ஜி. முதல் மாதம் வாடகையும் வாங்கேல்லை."

நான் அதை அப்பிடியே போடட்டோ எண்டன்.

"அந்த மனுசனைப் பற்றி வடிவாப் போடு. பெரிசாப் போடு" எண்டார். பேந்து கொஞ்சம் யோசிச்சார். "மற்றதைப் போடாதை. கோட் போட்ட படத்துக்குக் கீழை கோப்பை கழுவினது எண்டு கிடந்தால் ஆர் என்னட்டை வீடு வாங்குவினம்? ஹொஸ்பிற்றாலிற்றி இண்டஸ்ட்ரி எண்டு போடு."

சுதன் அப்பிடியே அடிச்சு முடிச்சிட்டான்.

கொண்டுபோய்க் குடுக்க என்னைக் கேக்கேல்லை.