கண்ணாடி இறக்கிய பயணம்

தனபால் நல்ல மனிதன். சோமனூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். வாங்கிப்போன சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவரைக்கூட "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகுதான் "மாத்தித் தர முடியாதுங்க" என்பான்.

இதெல்லாம் கார் கண்ணாடி ஏறும் வரைக்கும்தான். ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பது வேறு ஆள்.

"பொடனியிலயா இருக்குது கண்ணு?" இது ஸ்கூட்டரில் போகிற டீச்சருக்கு. "ரோடென்ன உங்கப்பன் ஊட்டுதாடா?" இது டிராக்டருக்கு. "எருமை!" இது எருமைக்கு. அது ஒன்றுதான் பொருத்தமாக இருந்தது.

வாயோடு நின்றிருந்தால் பிரீத்திகா பொறுத்துக்கொண்டிருப்பாள். கணவனின் வாய் வேகமெடுத்தால் காலும் வேகமெடுக்கும். போன வாரம், மொபெட்டில் தென்னை மட்டை ஏற்றிப்போன ஒருவரை அவன் ஒட்டி உரசி முந்தினான். அவர் தார் ரோட்டை விட்டு இறங்கி, சரளையில் தடுமாறி, இரண்டு காலையும் ஊன்றித்தான் நின்றார். தனபால் அதைப் பார்க்கவில்லை. பிரீத்திகா தன் பக்கத்தில் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தாள். அந்த மனிதரின் வெளுத்த முகம் சோற்றுத் தட்டு வரைக்கும் கூடவே வந்தது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை காங்கேயத்துக்கு நான் வண்டி ஓட்டறேனுங்க" என்றாள்.

தனபாலுக்குப் புரை ஏறியது. காங்கேயத்தில் மச்சினனின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. புதுக்கார் வாங்கிய சகலை கிருபாசங்கர் வாசலிலேயே நிற்பான். அவன் பார்க்க, பெண்டாட்டி ஓட்ட, பக்கத்து சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போய் இறங்குவதா?

"உனக்கு லைசென்ஸ்..."

"மூணு வருசமா பீரோவுல இருக்குதுங்க."

"அது பீரோவுலயே இருக்கட்டும் அம்மணி. நானே ஓட்டறேன்."

"தாராளமா ஓட்டுங்க. ஆனா ரோட்டுல போறவங்க, நிக்கறவங்க ஒருத்தரையாச்சும் திட்டிப்போட்டீங்கன்னா, அப்பவே சாவி என்ற கைக்கு வந்தரோணும். ஊடு திரும்பற வரைக்கும். சம்மதமுங்களா?"

"எருமைய?"

"அதைய வேணா திட்டிக்குங்க. அது மனசுல வெச்சுக்காது."

தனபால் சம்மதித்தான். அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. கண்ணாடியை ஏற்றி, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு வாய்க்குள்ளேயே திட்டிக்கொள்ளலாம். மீதியை ஹாரன் பார்த்துக்கொள்ளும். ஹாரனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏசி பொத்தானுக்குப் போன அவன் கையைப் பிரீத்திகா பிடித்தாள்.

"அதையத் தொடாதீங்க. மெக்கானிக் கண்ணையாண்ணன் நேத்துப் பாத்தாருங்க. கேஸ் எறங்கிப்போச்சாமா. போட்டா கம்ப்ரசரே போயிருமாமா."

சித்திரை வெயில். நாலு கண்ணாடியும் இறங்கின.

பல்லடம் தாண்டியதும் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. தனபால் பக்கவாட்டில் நெருங்கி ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினான். டிராக்டர்காரர் திரும்பினார். கண்ணாடி ஏறியிருந்தால் அது வெறும் டிராக்டர். இப்போதோ தலையில் துண்டு கட்டிய, வியர்வை வழிகிற ஒரு முகம்.

"ஏனுங்க, அவசரமுங்களா?"

பிறந்ததிலிருந்து பழகிய வாய். அதுவாகவே பேசிவிட்டது. "இல்லீங்க, இல்லீங்க. நீங்க மெதுவாவே போங்க."

"முன்னால ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கறாங்க. எனக்குப் பொறவாலயே வாங்க."

பின்னாலேயே போனான். சொன்னபடியே குழாய்ப் பள்ளம் பாதி ரோட்டைத் தின்றிருந்தது. தடுப்பு இல்லை; கல்லை வைத்து, ஒரு வேப்பங்கொத்தைச் செருகியிருந்தார்கள். வழக்கம்போல முந்தியிருந்தால் காரின் மூக்கு அந்தக் கொத்தை முகர்ந்திருக்கும். பிரீத்திகா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

அடுத்து, சந்திலிருந்து பார்க்காமல் திரும்பியது ஒரு ஸ்கூட்டர்.

"பொட..." என்று ஆரம்பித்தான். ஓட்டிவந்த பெண் அவனையே பார்த்தாள். "பொறுமையா போங்க அம்மணி" என்று முடித்தான்.

பிறகு ஆட்டு மந்தை. என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். மேய்ப்பவர் ஜன்னலில் கையை ஊன்றி எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் வீட்டு மாப்பிள்ளை என்று விசாரித்து, கடைசியில் தனக்கு மருமகன் முறை என்று கண்டுபிடித்தார். ஆடுகள் போய்விட்டன. அவர் போகவில்லை.

காங்கேயம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நேரமும் ஆகியிருந்தது. ஆனால் ஒருவரைக்கூடத் திட்டவில்லை! தனபால் நெஞ்சை நிமிர்த்தி இறங்கினான்.

"வாங்க சகலை, வாங்க" என்று கிருபாசங்கர் ஓடி வந்தான். "வண்டி வழியில நிக்குதுங்க. சாவி குடுங்க, நான் அந்தப் பக்கமா உட்டுப்போட்டு வாரேன்."

காரின் கண்ணாடிகள் மேலே ஏறின. வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க ஏசி அருமைங்க சகலை. என்ற புது வண்டியிலகூட இத்தனை ஜில்லுன்னு வராது."

தனபால் மெதுவாகத் திரும்பினான். சீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரீத்திகா நின்றிருந்தாள்.

"அப்ப அந்தக் கண்ணையா சொன்னது?"

"கண்ணையாண்ணன் பழனிக்குப் போயி நாலு நாளாச்சுங்க."

பல்லடத்திலிருந்து விழுங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. "எருமை! பொடனியிலயா உனக்கு மூளை இருக்குது? இத்தன வெயில்ல என்னைய வேக வெச்சுப்போட்டயே!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. பிரீத்திகா குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். தார் ரோடு. சீர்த் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"நானும் ரோட்டுலதானுங்க நிக்கறேன்."

"எருமையத் திட்டலாமுன்னு நீதான..." என்று ஆரம்பித்த தனபால், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான். சாவி சகலையின் கையிலிருந்து நேராக அவள் கைக்குப் போனது.

விருந்து முடிந்து கிளம்பும்போது மாமனார் வீடே வழியனுப்ப வாசலுக்கு வந்தது. தனபால் பழக்கத்தில் வலப்பக்கக் கதவை நோக்கி நடந்தான். கிருபாசங்கர் ஓடிப்போய், மிகுந்த மரியாதையோடு, இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

"இந்தப் பக்கமுங்க சகலை. பெல்ட்டப் போட்டுக்குங்க."