மயக்கம் அக்கா பிடித்த கிளினிக்

கிள்ளானில் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். ஆனால் ஆபீஸ் நேரத்தில், கம்பெனி வேலையாக, நல்ல புடவை கட்டிக்கொண்டு போய் மயங்கி விழுந்தவர் உலகத்திலேயே எங்கள் மயக்கம் அக்கா ஒருவர்தான்.

எண்பதுகளில் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நானும் அவரும் நலப்பிரிவு குமாஸ்தாக்கள். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். தொழிலாளர்களின் குடும்பங்களுக்குக் கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்க ஒரு பேனல் கிளினிக் பிடிக்க வேண்டும்.

"டவுன்ல புதுசா ஒண்ணு தொறந்திருக்கான். ஏர்கோன், மீன் தொட்டி எல்லாம் இருக்கு. அதையே போட்டுடலாம்" என்றார்.

"வைத்தியம் மீனுக்கா பாஸ்?" என்றார் அக்கா.

மேனேஜருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. "அப்போ நீங்களே பாத்துச் சொல்லுங்க லா" என்று பொறுப்பைத் தள்ளிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அக்கா தொழிற்சாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கு வைத்தியமோ அவர்களைக் கேட்காமல் கிளினிக் பிடிக்கக் கூடாதாம். கேட்டது நியாயம், கேட்ட குரல்தான் தகராறு. பேக்கிங் பிரிவு அண்ணன் ஒருவர் அவர் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"என்னா, மூலமா?" என்றார் அக்கா.

தொழிற்சாலை பஸ்ஸில் ஒரு தலை பாக்கியில்லாமல் திரும்பியது. அந்த அண்ணன் அன்று பஸ் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆனாலும் விஷயம் கிடைத்தது. "நைட் ஷிப்ட் முடிஞ்சு போனா எந்தக் கிளினிக்கும் தொறந்திருக்காதுக்கா" என்றாள் ஒருத்தி. "டாக்டர் இங்கிலீஷ்ல கேக்குறாரு, நான் தலைய ஆட்டிட்டு வந்துடுறேன்" என்றாள் இன்னொருத்தி.

"சரி தம்பி, இனிமே நாமளே சீக்காளியா போய்ப் பாப்போம்" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் மீன் தொட்டி கிளினிக். உள்ளே நுழைந்ததும் "ஐயோ" என்று சரிந்தார். அவர் உடம்புக்கு அது சின்ன நிலநடுக்கம். மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடின. கவுன்டர் பெண் எட்டிப் பார்த்து, "ஆன்டி, மொதல்ல நம்பர் எடுத்துக்குங்க" என்றாள்.

இரண்டாவது கிளினிக்கில் டாக்டரே ஓடி வந்தார். அக்கா கண்ணைத் திறப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. "என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டானா தம்பி?" என்று ஒரு வாரம் ஒருக்களித்து உட்கார்ந்தே புலம்பினார்.

மூன்றாவது, பண்டமாரானில் ஒரு கடைவீட்டுக் கிளினிக். கிறீச்சிடும் காற்றாடி, வயதான டாக்டரம்மா. அக்கா விழுந்ததும் அந்தம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து நாடி பிடித்தார்.

"ஏம்மா, இமை ஆடுது. யார் மேல கோவம்? வீட்டுக்காரர் மேலயா?"

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கம்பெனி மேல" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டாக்டரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் கையை விடவில்லை. "வந்தது வந்துட்டீங்க, ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

பரிசோதித்து முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. "மயக்கம் பொய்தான். சுகர் நெசம்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ரத்தம் எடுத்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "இந்தம்மாதான் தம்பி" என்றார்.

"அங்க ஏர்கோன்கூட இல்லையே?" என்றார் மேனேஜர்.

"வேர்க்கட்டும் பாஸ். அந்தம்மா கேட்டுட்டு வைத்தியம் பாக்குது. நைட் ஷிப்ட்காரங்களுக்காகக் காலையில ஏழுக்கே தொறக்கவும் ஒத்துக்கிச்சு."

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அக்கா மறுபடி வாசலில் நாற்காலி போட்டு, அதே குரலில், "எனக்குச் சுகர்! உங்களுக்கு என்னா?" என்று கூவினார். அதுவரை வெட்கப்பட்டவர்கள் எல்லாம் பண்டமாரானுக்குக் கிளம்பினார்கள்.

என்னையும் அனுப்பினார். இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, மறுபடி வா என்றார் டாக்டரம்மா. நான் யாரிடமும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், எப்படித் தெரிந்ததோ, அரைநாள் லீவு போட்டுவிட்டு அக்கா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய் வெளியே வரும்வரை, வெறும் சாப்பாட்டு டப்பா இருந்த அந்தப் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.