பதுருன்னிஸா முடுக்கை மேப்பிலிருந்து எடுக்க வேண்டி

காயல்பட்டினம்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

அன்பிற்குரிய மச்சினன் ஹாரிஸுக்கு, உன் ராத்தா பதுருன்னிஸாவைக் கட்டிய பாவத்துக்கும் பாக்கியத்துக்கும் உரிய மச்சான் ஸதக்கத்துல்லாஹ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் ராத்தா சுகம், அவள் வளர்க்கும் கோழிகள் சுகம், தெருவில் உள்ளவர்கள் அனைவரும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். துபாயில் உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் குறை ஏதும் வராமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இப்போது எனக்கு அதற்கு நேரம் நிறைய இருக்கிறது.

இந்தக் காலத்தில் இவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள், தம்பி. ‘ஸதக்கத்துல்லாஹ் நீக்கப்பட்டார்’ என்று அதில் வந்ததும், உன் பெரிய மாமா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, நான் இறந்துவிட்டேன் என்று நினைத்து ‘இன்னா லில்லாஹி’ என்று போட்டுவிட்டாராம். அதைப் பார்த்து ரியாத்திலும் கொழும்பிலும் இருக்கிறவர்களெல்லாம் கண்ணீர் பொம்மை போட்டார்களாம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஃபோன் இல்லை. என் ஃபோன் உன் ராத்தாவின் அலமாரியில் இருக்கிறது. அதனால் துபாய்க்கு வரும் நம் எதிர்வீட்டு அம்மார் கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா ஒன்றைக் கொடுத்து, அதன் அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். மக்ரூனை அப்புறம் தின்னலாம், முதலில் கடிதத்தை எடு.

விஷயம் என்னவென்றால், நான் இப்போது உன் ராத்தா வீட்டில் இல்லை. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருகிறவன். அப்படி வந்தவன் பெட்டியோடு வெளியே வந்து, நான் பிறந்த வீட்டில், அதாவது இன்றைக்கு என் தங்கச்சி லுப்னாவின் வீட்டில், மாடி அறையில் கிடக்கிறேன். இது எப்படி ஆனது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன்னால் மட்டும்தான் இதைச் சரி செய்ய முடியும்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றேன் அல்லவா, அதன் பிறகு யாரும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. வீட்டில் என்ன மீன் வாங்குவது என்றுகூடக் கேட்பதில்லை, வாங்கிய பிறகு சொல்லுகிறார்கள். இந்த நிலைமையில் ஃபோனில் உள்ள மேப் ஒருநாள் என்னைப் பார்த்து, ‘நீங்கள் போய் வந்த டீக்கடை எப்படி இருந்தது?’ என்று கேட்டது. என் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதினேன். உடனே பாயிண்ட் கொடுத்தது. அப்புறம் விடுவேனா? முடிதிருத்தும் கடை, ரேஷன் கடை, பல் டாக்டர், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை என்று ஒன்று விடாமல் நட்சத்திரம் போட்டேன். பள்ளிவாசலுக்கு மட்டும் போடவில்லை, அதை மதிப்பிட நான் யார்? வீடுகளையும் சேர்க்கலாம் என்று காட்டியதால் உன் ராத்தா வீட்டைச் சேர்த்து, ‘வட்லப்பம் பிரமாதம்’ என்று ஐந்து நட்சத்திரம் போட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று லுப்னா வீட்டுக்கு நான்கு போட்டேன். லுப்னா அதைப் பார்த்துவிட்டாள். இப்போது நான் குடிக்கிற டீயில் சீனி குறைவாக இருந்தால், “நாலு ஸ்டாருக்கு இவ்வளவுதான் காக்கா” என்கிறாள்.

இனிதான் முக்கியமான இடம். உன் ராத்தாவின் ஃபோனில், அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் ஃபோனில் தெரியும்படி ஒரு பொத்தானை அமுக்கி வைத்திருந்தேன். அவளைக் கேட்டுவிட்டு அமுக்கினீர்களா என்று நீ கேட்கக்கூடாது. வெளியில் நடமாட்டம் சரியில்லாத காலம், அவ்வளவுதான். ஒரு நாள் பார்க்கிறேன், உன் ராத்தா நீலப் புள்ளியாகத் தெருவே இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருக்கிறாள். மேப்பில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் வளைந்து, நின்று, மறுபடி நடந்து பின்பக்கத்து ருமைஸா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம்தான் உறைத்தது, அது வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் போய்வருகிற முடுக்கு. நமக்கு மீசை அரும்பிய நாளிலிருந்து நாம் கால் வைக்காத இடம். இவ்வளவு பெரிய மேப்பில் இது இல்லையே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை. புள்ளி போன வழியிலேயே விரலால் கோடு போட்டேன். ‘புதிய பாதையைக் கண்டுபிடித்ததற்கு நன்றி, பெயர் என்ன?’ என்று கேட்டது. தம்பி, எங்கள் கல்யாண அழைப்பிதழில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, அவளைத் ‘தீன்குலச் செல்வி’ என்று மட்டும்தான் அடித்திருந்தார்கள். அந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ‘பதுருன்னிஸா முடுக்கு’ என்று போட்டேன். ஷாஜகானுக்குப் பிறகு பெண்டாட்டிக்கு இப்படிச் செய்தவன் நான்தான் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுவாரம் பார்சல் கொண்டுவருகிற இசக்கிராஜா முதலில் வந்தான். வழக்கமாக அவன் முன்வாசலில் வந்து மணியடிப்பான், முன்கூடத்தில் பேப்பர் படிக்கிற நானும் அடுத்த வீட்டுக்காரர்களும் பார்சலை வாங்கி, குலுக்கிப் பார்த்து, யாருக்கு, என்ன, எதற்கு என்று விசாரித்த பிறகுதான் உள்ளே அனுப்புவோம். அன்று மேப் அவனைப் பின்பக்கம் கூட்டிப் போய்விட்டது. கிணற்றடி வளைவில் பைக் மாட்டிக்கொண்டது. முன்னே போக இடமில்லை, பின்னே திருப்பவும் இடமில்லை. காயப்போட்டிருந்த யாருடைய துப்பட்டியோ அவன் தலையில் விழுந்து, அவன் கண் தெரியாமல் ஹாரனை அமுக்கி, கோழிகள் சமையலறைகளுக்குள் பறந்து, முடுக்கின் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்பட்டன. “நான் வரலம்மா, மேப்புதான் கூட்டிட்டு வந்துச்சு!” என்று துப்பட்டிக்குள்ளிருந்து அவன் அழுதது தெரு முழுக்கக் கேட்டது. முன்கூடத்தில் இருந்த நான் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தசரா வந்தது. ஏரல் பக்கத்திலிருந்து குலசேகரன்பட்டினத்துக்கு வேஷம் கட்டிப் போகிற ஒரு கூட்டம், ரோட்டில் நெரிசல் என்று குறுக்கு வழி கேட்டிருக்கிறது. மேப் நல்ல வழியாகச் சொல்லியிருக்கிறது. வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள். ருமைஸா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ராத்தா, முடுக்குல ஒரு கரடியும் போலீசும் நிக்காவ, பின்னாடி காளியும் வருது!” என்று கத்தினாள். காளி வேஷம் கட்டியிருந்த செந்தூர்பாண்டி என்கிற மனிதர் ரொம்ப மரியாதையாக, “யம்மா, பயப்படாதீய, நாங்க குலசைக்குப் போறவங்க. ஃபோனு இங்கனதான் போவச் சொல்லுது” என்றாராம். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஃபோன் பாழாய்ப்போன குரலில், ‘பதுருன்னிஸா முடுக்கில் நேராகச் செல்லவும்’ என்று கூவியது. ஒரு முறை இல்லை. அவர்கள் நிற்க நிற்க அது கூவிக்கொண்டே இருந்தது. உன் ராத்தா தன் பெயரை ஒரு கரடியின் கையிலிருந்து கேட்டாள். கரடி வேஷக்காரர் தலையைக் கழற்றித் தண்ணீர் கேட்டதற்கு, கதவுக்குப் பின்னால் நின்று செம்பை நீட்டிவிட்டு, நேராக முன்கூடத்துக்கு வந்தாள்.

“யாரு போட்ட வழி இது?”

“மேப் தானாவே கண்டுபிடிச்சிருக்கும், இப்ப எல்லாம் சேட்டிலைட்டு...” என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் பின்பக்கத்திலிருந்து ருமைஸா, “ராத்தா, இந்த வழியப் போட்டது ஸதக்கத்துல்லாஹ்னு மேப்புல இருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோவும் இருக்கு!” என்று உதவிக்கு வந்தாள்.

“கெணத்தடில வளையுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உன் ராத்தா என் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் பார்த்தாள். நடு முன்கூடத்தில் நீலப் புள்ளி நின்றது. அவள் ஓர் எட்டு நகர்ந்தாள், அதுவும் நகர்ந்தது.

“நான் எங்க போறேன், எங்க நிக்கேன்னு உக்காந்து பாத்தியளா?”

“உன் பாதுகாப்புக்குத்தான்...”

“முடுக்குல எனக்கு என்ன பாதுகாப்பு வேணும்? அங்க ஆம்பளையே கெடையாது. நீங்க கோடு போட்ட பொறவுதான் வாரான்.”

அப்புறம் அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பழக்கம். மெதுவாக, “எங்க போறே, எப்ப வருவேன்னு யாரும் கேக்காத எடம் எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அங்கனயும் நீங்க கூடவே வந்திருக்கிய” என்றாள். தம்பி, எனக்கு வெட்கமாகிவிட்டது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “ஆனா பேரு நல்லாயிருக்குல்லா?” என்பது. அவள் என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். “தங்கச்சி வீட்டுக்குப் போங்க. வழி தெரியாட்டி மேப்பக் கேளுங்க” என்றாள். ஃபோனை மட்டும் தரவில்லை.

முடுக்கு மேப்பிலிருந்து போனால்தான் வீட்டுப்படி ஏறலாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். நானும் லுப்னாவிடம் கெஞ்சி, அவள் பார்க்கப் பார்க்க அவள் ஃபோனில், ‘இப்படி ஒரு பாதை இல்லவே இல்லை’ என்று மேப்புக்கு எழுதினேன். ‘இந்தப் பாதையைப் பலர் பயன்படுத்துகிறார்கள், உங்கள் திருத்தத்தை ஏற்க இயலாது’ என்று பதில் வந்தது. அந்தப் பலர் யார்? வழி தவறி வந்தவர்கள்தான்! மறுபடி எழுதினேன். ‘உள்ளூர் விவரம் அறிந்த ஸதக்கத்துல்லாஹ் என்பவர் இதை உறுதி செய்துள்ளார்’ என்று என்னையே எனக்குச் சாட்சி காட்டியது. துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன் நான், இப்படி ஒரு கல்நெஞ்சைப் பார்த்ததில்லை. அதனால் தம்பி, நீ துபாயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாய். நீ பிரிண்டருக்கு மைதான் விற்கிறாய் என்று உன் ராத்தா சொல்லுவாள், நான் நம்புவதில்லை. மேப்புக்காரர்களில் யாரையாவது பிடித்து, கையில் காலில் விழுந்தாவது அந்தக் கோட்டை அழிக்கச் சொல். இனி நான் ஃபோனைத் தொட மாட்டேன், நட்சத்திரம் போட மாட்டேன், எந்தப் புள்ளியையும் பார்க்க மாட்டேன். உன் ராத்தா இல்லாமல் இந்த மாடி அறையில் எனக்குப் பேச்சுத் துணைக்குத் தலைக்கு மேலே சுழலும் காற்றாடிதான் இருக்கிறது. அவள் கோபமாகப் பேசினால்கூடப் போதும் என்று இருக்கிறது.

உனக்கும் உன் வீட்டாருக்கும் நீண்ட ஆயுளையும், ஹலாலான பரக்கத்தையும், என்னைவிடக் கொஞ்சம் அதிகப் புத்தியையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
வீட்டுக்கு வெளியே இருந்து,
உன் மச்சான் ஸதக்கத்துல்லாஹ்.

பின்குறிப்பு: அம்மாரின் பயணம் தள்ளிப்போனதால் டப்பா இங்கேயே இருந்தது. அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மேலே எழுதியது எதையும் செய்யாதே. முடுக்கை எடுத்துவிடாதே. எடுத்தால் என்னோடு சேர்த்து உன்னையும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

பார்சல் கம்பெனிக்காரர்கள் இசக்கிராஜாவை மாற்றிவிட்டு, சந்தனமாரி என்கிற ஆறுமுகநேரிப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். அவள் ஸ்கூட்டரை முக்கில் நிறுத்திவிட்டு, மேப்பைப் பார்த்து முடுக்கு வழியாகவே நடந்து வந்து, பின்கதவில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். முன்கூடத்தில் குலுக்கிப் பார்க்க ஆள் இல்லை, விசாரணை இல்லை. ருசி கண்டுவிட்டார்கள், தம்பி. தெருவில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த முடுக்குக்கு, ‘பாம்பு உண்டு’, ‘ஆண்களைக் கண்டால் கோழி கொத்தும்’ என்று ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். இப்போது சந்தனமாரியைத் தவிர ஒரு வெளியாளும் வருவதில்லை. உன் ராத்தா ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, புள்ளிக்காக மன்னிப்புக் கேட்டேன், ஒழுங்காகவே கேட்டேன். பெயரையாவது மாற்றச் சொல்லட்டுமா என்றதற்கு, ஃபோனை விரலால் பெரிதாக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, “கெடக்கட்டும்” என்றாள்.

ஆனால் அவளுக்கு முடுக்கு வழியாக வந்த முதல் பார்சல் என்ன தெரியுமா? உருண்டையாக, வெள்ளையாக, ஒரு கேமரா. முன்கூடத்தில் என் நாற்காலிக்கு நேரே மாட்டியிருக்கிறாள். தலையைத் திருப்புகிறது. பேசவும் செய்கிறது. அடுக்களையில் இருந்துகொண்டு, “ரெண்டாவது டீயா? சீனி எத்தன கரண்டி?” என்கிறாள். இதை நிறுத்தும் வழி தெரிந்தால் அம்மாரிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பு. வாட்ஸப்பில் போடாதே.

இந்த வரியை எழுதும்போதே சுவரிலிருந்து சத்தம் வருகிறது. “யாருக்கு எழுதுதிய? நம்ம ஹாரிஸுக்கா? எல்லாத் தாளையும் ஒவ்வொண்ணா கேமராவுக்கு நேராப் பிடிங்க, நான் வாசிக்கணும்.” பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தம்பி. கை வலிக்கிறது. கடைசித் தாளில் கேமராவை நிறுத்த வழி கேட்டேன் பார், அந்த இடத்தில் விரலை வைத்து மறைத்திருக்கிறேன். “வெரல எடுங்க” என்கிறாள்.