ஆதிரையின் பிறப்புச் சீட்டு

நெடுங்கரை நாட்டில் அரசனை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் தவறாமல் நடந்தது. அரசன் மட்டும் மாறவில்லை. அவன் ஆட்சியில் ஏரிகள் வற்றிப்போக, மக்கள் பிழைப்புத் தேடி ஊர் ஊராகக் கப்பலேறினார்கள். அரசன் வருந்தவில்லை. "நம் பிள்ளை எங்கே அழுகிறதோ அங்கேயும் நெடுங்கரை உண்டு!" என்று முழங்கினான். உடனே, அயல்மண்ணில் பிறக்கும் குழந்தைகளைப் பதிவதற்காகக் கடல்தாண்டிய துறைமுகங்களில் தூதரகங்கள் திறக்கப்பட்டன.

வடிவும் அவள் கணவன் வேலப்பனும் சுண்ணாம்புத் தீவின் கல்குவாரிக்கு வேலைக்குப் போனவர்கள். பாறை சரிந்து வேலப்பன் செத்தபோது வடிவுக்கு ஏழு மாதம். தீவுக்காரர்கள் அவனைக் கடற்கரையில் புதைத்துப் பெயர்ப்பலகை நட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த தீவுக்காரிக்கு வடிவின் மொழி தெரியாது. "அவரு ஜாடை இருக்கா?" என்று வடிவு கேட்டதற்கு அவள் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆதிரை என்று பெயரிட்டபோது அதைக் கேட்க வேறு யாருமில்லை.

ஆறு மாதத்தில் வடிவின் வேலை அனுமதி முடிகிறது. அதற்குப் பிறகு அவள் தீவில் இருக்க முடியாது. பிறப்புச் சீட்டு இல்லாத குழந்தையோ கப்பலேற முடியாது. அநாதை விடுதிக்குப் போய்விடும்.

நாற்பதாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூதரகத்துக்குப் போனாள். பதிவு அதிகாரி அனந்தரூபர் அரசனின் படத்தை வணங்கிவிட்டுப் பேரேட்டைத் திறந்தார்.

"தகப்பன் கையொப்பமிட வேண்டும், அம்மணி."

"அவரு செத்துட்டாருங்கய்யா. பாறை விழுந்து..."

"நெடுங்கரைக் குடிமகன் செத்தானா இல்லையா என்பதைத் தலைநகரமல்லவா சொல்ல வேண்டும்? எழுதிக் கேட்கிறேன்."

அந்தப் பதிலுக்கு முன்னால் புதிய ஆணை ஒன்று வந்து சேர்ந்தது. அயலில் பிறந்த குழந்தை தாய்மொழியில்தான் அழுகிறதா என்று சோதித்த பின்பே பதிய வேண்டுமாம். அனந்தரூபர் ஆதிரையின் அழுகையைக் கண்ணை மூடிக் கேட்டு, "அயல் வாடை உள்ளது" என்று எழுதினார்.

"பச்சப்புள்ளைங்கய்யா. எல்லாப் புள்ளையும் இப்படித்தானே அழும்?"

"அதைத்தான் ஆணை மறுக்கிறது. வீட்டில் பேசிப் பழக்குங்கள்."

வடிவு வீட்டில் வாய்திறந்து மாதக்கணக்காகியிருந்தது. அன்றிலிருந்து பேசினாள். உலை கொதிப்பதைச் சொன்னாள், காற்று திரும்புவதைச் சொன்னாள், உங்கப்பா சிரிச்சா கன்னத்துல குழி விழும் என்றாள். சில நேரம் தன் குரலே யாரோ வந்து பேசுவதுபோல் கேட்கும். திரும்பிப் பார்ப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

இரண்டாம் சோதனையில் "திருத்தம் தெரிகிறது" என்று குறிப்பு விழுந்தது. அனுமதி முடிய எட்டு நாள் இருக்கையில் தலைநகரத்துக் கடிதமும் வந்தது.

"நற்செய்தி, அம்மணி!" என்றார் அனந்தரூபர். "உங்கள் கணவர் உயிரோடிருக்கிறார். சென்ற மாதம் நடந்த தேர்தலில் சொந்த ஊரில் அரசருக்கு வாக்களித்திருக்கிறார். செத்தவர் வாக்களிக்க நம் சட்டத்தில் இடமில்லை. இதோ, அவர் கையொப்பத்தின் நகல்."

ஒரு கணம் அது உண்மையாக இருந்துவிடக்கூடாதா என்றிருந்தது வடிவுக்கு. நகலை வாங்கிப் பார்த்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வேலப்பனுக்குக் கைநாட்டு மட்டுந்தான் தெரியும்.

"அய்யா, அவருக்காக அங்க கையெழுத்துப் போட்ட மவராசன் இருக்காருல்ல... அந்தக் கையெழுத்தையே எம் புள்ள சீட்டுலயும் ஒட்டிக்கங்க."

அனந்தரூபர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தடையேதும் அகப்படவில்லை. "கணவர் நலமாயிருக்கிறார் என்று நீங்களும் ஒப்பமிட்டால் போதும்" என்றார்.

வடிவு பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு ஒப்பமிட்டாள்.

தூதரகம் அந்தச் செய்தியைத் தீவுக்கும் தெரிவித்தது. உயிரோடிருப்பவனுக்குப் புதைகுழி வைத்திருக்கத் தீவின் சட்டம் இடம்தரவில்லை. கப்பலேறும் நாள் காலையில் கடற்கரைக்குப் போனபோது பலகை பிடுங்கப்பட்டிருந்தது. வரிசையாகக் கிடந்த மண்மேடுகளில் எது அவனுடையது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். "அப்பா இங்கதான்..." என்று ஆதிரையிடம் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

நெடுங்கரைத் துறைமுகத்தில் சீட்டை வாங்கிப் பார்த்த காவலர் நிமிர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேரு தவறாம ஓட்டுப் போட்டவங்க பட்டியல்ல இருக்கேம்மா! கூட வரலையா?"

"முன்னாடியே வந்துட்டாருங்க."

காவலர் அவளையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். அக்கம்பக்கம் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்கப்பா செத்து ஒம்பது வருசமாச்சு. போன தேர்தலுக்கு அவரும் வந்துட்டுத்தாம்மா போனாரு."

முத்திரை குத்திச் சீட்டை அவளிடம் நீட்டினார்.