பம்பரில் வைத்த குங்குமம்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பாவின் ஆசிகள். ஜொகூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். கார் மட்டும் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சொன்னால் முழுதும் படிக்காமலே போன் செய்து திட்டுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். "இன்னொரு தடவ இடிச்சீங்கன்னா சாவிய வாங்கிடுவேன்பா" என்று தீபாவளிக்கு நீ சொன்னது மறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் இடிக்கவில்லை, இடிபட்டேன்.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமை அம்மாவை பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, மேட்டில் சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில், முன்னால் நின்ற வெள்ளைக் கார் பின்னால் உருண்டு வந்து நம் பம்பரில் மோதியது. அம்மா தூக்கத்தில் இருந்தாள். அந்தக் காரை ஓட்டிய பெண் ஓடிவந்து "சாரி அங்கிள், சாரி லா" என்றாள். பெருந்தன்மையாக மன்னித்தேன். சீட் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் கார் இழுக்கும் லோரி ஒன்றல்ல, இரண்டு வந்து நின்றன. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன்; கூப்பிட்ட கிரேன் அரை நாள் கழித்துத்தான் வரும். இங்கே கூப்பிடாத லோரி இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. கார் ஓடுகிறது என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்சூரன்சுக்காக ரிப்போர்ட் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் நான் உளறியதையெல்லாம் ஓர் அதிகாரி அழகான மலாயில் தட்டச்சு செய்து வாசித்தார். நானா இவ்வளவு நல்லவன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சும்மா இருப்பாளா? திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றி, நசுங்கிய இடத்தில் மஞ்சளும் குங்குமமும் அள்ளிப் பூசிவிட்டாள். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு இன்சூரன்சிலிருந்து குகன் என்ற தம்பி வந்தார். சேதத்தைச் சுற்றிச் சுற்றி நாற்பது படம் எடுத்தவர் நிமிர்ந்து, "அங்கிள், இடிச்ச கார் என்ன கலரு?" என்றார்.

"வெள்ளை."

"அப்புறம் இங்க எப்படி சிவப்பு ஒட்டியிருக்கு?"

பொய் ரிப்போர்ட் என்று எழுதிவிடுவாரோ என்று அவசரமாக விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவரோ விரலால் தொட்டார், முகர்ந்தார், நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு துணியால் துடைத்து, மறுபடி நாற்பது படம் எடுத்தார். ஒரு பம்பருக்கு இத்தனை சிரத்தையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆகவே அப்பாவிடம் சாவி இருப்பதில் உனக்கு இனிக் கவலை வேண்டாம்.

வீட்டில் விளக்கும் வண்டியில் பெட்ரோலும் என்றும் குறையாமல் நீங்கள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
அப்பா இராமலிங்கம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது குகன் போன் செய்தார். மாப்பிள்ளை முன்கண்ணாடியில் மாட்டிவிட்ட கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். அனுப்பினார், மூன்று தடவை பார்த்தேன். அந்தக் கார் அசையவே இல்லை, தாமரை. பக்கத்து வரிசை நகர்ந்ததும் நான்தான் போய் முட்டுகிறேன். தப்பே செய்யாத பெண், கிழவனுக்கு அடிபட்டதோ என்று பயந்து சாரி சொல்லியிருக்கிறாள். நாளைக் காலை ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லிவிட்டு, அவளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டிலிருந்த சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் இருப்பதை மாப்பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமை புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். அதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடும்மா, எனக்கு வாய் வரவில்லை.